30 வயதுக்கு மேல் தெரியவரும் ஏ.டி.எச்.டி: பெண்களுக்கு மாத்திரை கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேஸ் புக் பண்ண மறந்தாச்சு. ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய கடைசி தேதி நேத்தோட முடிஞ்சாச்சு. ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கிறோம். இது எப்போதாவது நடந்தால் மறதி. சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போகிறது, வேலையும் குடும்பமும் இதனால் ஆட்டம் காண்கிறது என்றால், அது ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடாக இருக்கலாம்.

இது குழந்தைகளுக்கு, அதிலும் துறுதுறு பையன்களுக்கு வரும் பிரச்னை என்றுதான் நீண்ட காலமாக நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கை இப்போது மாறிவருகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் சுமார் 1.55 கோடி பெரியவர்களுக்கு, அதாவது 100-ல் 6 பேருக்கு, ஏ.டி.எச்.டி இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவந்ததே 18 வயதுக்குப் பிறகுதான்.

சரி, தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? மாத்திரை போடலாமா? போட்டால் அடிமையாகிவிடுவோமா? பீரியட்ஸ் நேரத்தில், கர்ப்பமாக இருக்கும்போது என்ன செய்வது? முதலில், நம்ம ஊரில் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

ஏ.டி.எச்.டி-யில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, ஓரிடத்தில் உட்கார முடியாத துள்ளல். இன்னொன்று, சத்தமே இல்லாத கவனச் சிதறல். வகுப்பில் பெஞ்ச் மீது ஏறிக் குதிக்கும் பையன் உடனே டீச்சரின் கண்ணில் பட்டுவிடுவான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எங்கேயோ வெறித்துப் பார்க்கும் பெண் குழந்தையைப் பற்றி "அமைதியான பொண்ணு" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிடுவார்கள்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் பகுதியில் 85,000-க்கும் மேற்பட்ட ஏ.டி.எச்.டி நோயாளிகளின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சராசரியாகச் சுமார் 4 ஆண்டுகள் தாமதமாகத்தான் நோய் கண்டறியப்படுகிறது என்பது அதில் தெரியவந்தது. அதற்கு முன்பே மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டவர்களும் பெண்களில்தான் அதிகம்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூட நாட்களில் அம்மா எழுப்பிவிடுவார், டைம்டேபிள் இருக்கும், ஹாஸ்டலில் மணி அடிக்கும். அந்தக் கட்டமைப்பு பல குறைகளை மறைத்துவிடும். கல்யாணம், வேலை, குழந்தை என்று வரும்போது மற்றவர்களுக்கும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. இத்தனை நாள் சமாளித்த மூளை அப்போதுதான் திணற ஆரம்பிக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடான டி.எஸ்.எம்-5, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் சின்ன வயசுக் கதையைக் கேட்கிறார்கள், அம்மா அப்பாவிடம் பேச வேண்டும் என்கிறார்கள். "அவ நல்லாதான் படிச்சா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. நல்ல மார்க் வாங்கியது மட்டுமே ஏ.டி.எச்.டி இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கவனம் சிதறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, ரத்தசோகை எல்லாமே "மண்டை மந்தமா இருக்கு" என்ற நிலைக்குக் கொண்டுபோகும். தேசியக் குடும்பநல ஆய்வு-5 தரும் தகவலின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது இரண்டில் ஒருவருக்கு மேல்.

எனவே ரீல்ஸ் பார்த்து, ஆன்லைன் வினாடி வினாவில் 20-க்கு 18 வாங்கி, நேராக மாத்திரை கேட்பது சரியான வழி இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு அளவுகளைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போவதுதான் முறை. ரத்தசோகை இருப்பதாலேயே ஏ.டி.எச்.டி இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

என்னென்ன மருந்துகள் இருக்கின்றன?

இந்தியாவில் ஏ.டி.எச்.டி-க்குப் பெரும்பாலும் எழுதப்படுபவை இரண்டு.

முதலாவது மெத்தில்ஃபெனிடேட். ஊக்கி வகையைச் சேர்ந்தது. மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவை உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். சாதாரண மாத்திரையின் தாக்கம் சுமார் 3 முதல் 4 மணி நேரம். மெதுவாக வெளியாகும் வகை என்றால் வேலை நேரம் முழுக்கத் தாங்கும்.

இரண்டாவது அடோமாக்ஸெட்டின். இது ஊக்கி வகை இல்லை. தினமும் எடுக்க வேண்டும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "பத்து நாளா போடுறேன், ஒண்ணும் தெரியல" என்று பாதியில் நிறுத்திவிடுபவர்கள் இந்த மருந்துக்கு வாய்ப்பே கொடுக்காதவர்கள்.

அமெரிக்கப் படங்களில் அடிக்கடி கேட்கும் ஆடெரால், வைவான்ஸ் போன்ற ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. 133 மருந்துச் சோதனைகளை ஒன்றாக அலசி லான்செட் சைக்யாட்ரி இதழில் 2018-ல் வெளியான ஆய்வு, குறுகிய காலப் பயன்பாட்டில் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டையும் பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையையும் முதல் தேர்வாகச் சொன்னது. அதாவது, அந்த ஆய்வு பெரியவர்களுக்கு முதலிடம் கொடுத்த மருந்து வகை இந்தியப் பெண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டும் பெரியவர்களுக்குப் பலன் தருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கையில் இருப்பதை வைத்துச் சிகிச்சை செய்ய முடியும். மாற்று வழிகள் குறைவு, அவ்வளவுதான்.

மருந்துக் கடையில் ஏன் கிடைப்பதில்லை?

இந்தக் கதையின் முக்கியமான பகுதி இதுதான். மெத்தில்ஃபெனிடேட் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களுக்குள் வருகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இது ஒரு மனமயக்கப் பொருள். மருந்து விதிகளில் 'எக்ஸ்' அட்டவணையில் இருக்கிறது.

எக்ஸ் அட்டவணை மருந்தை விற்கத் தனி உரிமம் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இத்தனை சிரமத்துக்கு, மாதம் நாலு பேர் வாங்கும் மருந்தை எந்தச் சின்னக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? "ஸ்டாக் இல்லைங்க" என்று சொல்வது அவருக்கு எளிது.

ஆன்லைன் கன்சல்டேஷனில் வாங்கிவிடலாமா? முடியாது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 25-ஆம் தேதி வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளையும் வீடியோ காலிலும் எழுதக்கூடாது என்கின்றன. அடோமாக்ஸெட்டின் இந்த இரண்டிலும் இல்லை. அதற்கும் மருத்துவர் சீட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் வாங்குவது சுலபம்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? தென்காசியிலோ அரியலூரிலோ இருக்கும் ஒரு பெண் இந்த மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்றால், சீட்டுக்காக மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும், மருந்து வைத்திருக்கும் பெரிய ஊர்க் கடையைத் தேட வேண்டும். வேலைக்கு லீவு, பஸ் செலவு, குழந்தையை யாரிடமாவது விட வேண்டும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். தேதியை நினைவில் வைத்து, அலைந்து, ஃபைலைத் தொலைக்காமல் திரும்பத் திரும்பப் போய் வர வேண்டும். ஏ.டி.எச்.டி உள்ள ஒருவருக்கு எது மிகவும் கடினமோ அதைத்தான் மருந்து வாங்குவதற்கான நிபந்தனையாக வைத்திருக்கிறோம்.

கட்டுப்பாடு தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்வுக்குத் தூங்காமல் படிக்க, போதைக்கு என்று ஊக்கி மருந்துகள் தவறாகப் பயன்படுத்தப்படுவது உலகம் முழுக்க உள்ள பிரச்னை. மெத்தில்ஃபெனிடேட் 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையிலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். ஆனால், ஒருமுறை நேரில் பரிசோதித்து நோயை உறுதிசெய்த நோயாளிக்கும், முதல் முறை போனில் அழைப்பவருக்கும் ஒரே தடை என்பது பொருத்தமா என்பதுதான் கேள்வி.

தாராளமாகக் கிடைக்கும் நாடுகளிலும் எல்லாம் சுமுகம் இல்லை. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ ஆடெரால் தட்டுப்பாட்டை அதிகாரபூர்வமாக அறிவித்தது. ஊக்கி மருந்து எடுத்தவர்களில் 71.5 சதவிகிதம் பேர், மருந்து இருப்பில் இல்லாமல் அலைந்ததாக மேலே சொன்ன சி.டி.சி கணக்கெடுப்பில் கூறியிருக்கிறார்கள்.

பீரியட்ஸ் வரும் வாரத்தில் மாத்திரை ஏன் 'கேட்பதில்லை'?

"மூணு வாரம் நல்லா இருக்கு, பீரியட்ஸ்க்கு முந்தின வாரம் மாத்திரை போட்டும் போடாத மாதிரி இருக்கு." மனநல மருத்துவர்களுக்குப் பழக்கமான புகார் இது. கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் மூளையின் டோபமைனுக்கும் தொடர்பு உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது கவனமும் மனநிலையும் சேர்ந்து இறங்கலாம். மெனோபாஸை ஒட்டிய ஆண்டுகளிலும் இதே சிக்கல் வரலாம்.

நெதர்லாந்து மருத்துவர்கள் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மட்டும் ஊக்கி மருந்தின் டோஸைக் கூட்டிப் பார்த்தார்கள். கவனமும் மனநிலையும் மேம்பட்டன என்று 2023-ல் எழுதினார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 9 பெண்கள். உலகில் கோடிக்கணக்கான பெண்களைத் தொடும் கேள்விக்குக் கிடைத்த ஆதாரம் 9 பேர்தான் என்பதிலேயே பிரச்னை விளங்கிவிடும்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்கக்கூடாது என்று எஃப்.டி.ஏ 1977-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது மாற்றப்பட்டது 1993-ல்தான். ஏ.டி.எச்.டி ஆய்வுகளோ பெரும்பாலும் பள்ளிச் சிறுவர்களை வைத்தே நடந்தன.

இதில் ஒரு முரணும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டை 1944-ல் முதலில் தயாரித்தவர் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிசான். அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் ரிட்டலின் என்ற பிராண்ட் பெயர் வந்தது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய மருந்து, பல பத்தாண்டுகள் சிறுவர்களின் மருந்தாகவே பார்க்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை: 9 பேர் ஆய்வைப் படித்துவிட்டு நீங்களே டோஸைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பீரியட்ஸ் தேதியையும் அன்றன்றைக்குக் கவனம், தூக்கம், கோபம் எப்படி இருந்தது என்பதையும் காலண்டரில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். டோஸை மாற்றலாமா என்று அவர் முடிவு செய்ய அதுதான் உதவும்.

கர்ப்பமாக இருந்தால்?

இந்தக் கேள்வியை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது. 2018-ல் ஜாமா சைக்யாட்ரி இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மெத்தில்ஃபெனிடேட் எடுத்த 1,000 பெண்களுக்கு, கூடுதலாகச் சுமார் 3 குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறைபாடு வரலாம் என்று கணக்கிட்டது. ஆம்ஃபெட்டமின் வகையில் அந்த அதிகரிப்பு தெரியவில்லை.

ஆயிரத்தில் 3 என்பது சிறிய எண்தான், பூஜ்யம் அல்ல. மருந்தை நிறுத்தினால் வண்டி ஓட்டுவதில், வேலையில், மனநிலையில் என்ன நடக்கும் என்பதையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும். சிலருக்கு நிறுத்துவது சரி, சிலருக்குத் தொடர்வது சரி. குழந்தை பெறத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்துக்கும் இதே விதிதான்.

பக்க விளைவுகள் என்ன?

பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, வாய் உலர்வது, படபடப்பு, தலைவலி ஆகியவை பொதுவானவை. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர்கள், எடை ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தொடங்கும் முன் இதய நோய் வரலாறு, ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைப் பார்ப்பது அடிப்படை விதி.

2023 நவம்பரில் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று, மருந்து எடுக்கும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் இதய, ரத்தநாள நோய் அபாயம் சராசரியாக 4 சதவிகிதம் கூடுவதாகக் காட்டியது. முக்கியமாக உயர் ரத்த அழுத்தம்தான். இது பயந்து ஓட வேண்டிய எண் அல்ல, பி.பி-யைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லும் எண்.

ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பெண்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை உடலில் அடோமாக்ஸெட்டின் அளவைக் கூட்டிவிடும். பழைய சீட்டைக் காட்டாமல் புது மருத்துவரிடம் போனால் இது தெரியாமலே போய்விடும்.

அடிமையாகிவிடுவோமா?

வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். "போதை மாத்திரையாம்ல, அதெல்லாம் எதுக்கு?" என்று மாமியாரோ கணவரோ கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் பல பெண்கள் மாத்திரையை ஒளித்துவைத்துப் போடுகிறார்கள், அல்லது நிறுத்திவிடுகிறார்கள்.

மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாக எடுப்பது வேறு, நொறுக்கியோ அளவை மீறியோ போதைக்கு எடுப்பது வேறு. 2025 ஆகஸ்ட்டில் பி.எம்.ஜே இதழில் வந்த ஆய்வு, ஸ்வீடனில் சுமார் 1.48 லட்சம் ஏ.டி.எச்.டி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. மருந்து எடுத்தவர்களிடம் முதல் முறை போதைப் பழக்கத்தில் விழுவது 15 சதவிகிதமும், தற்கொலை சார்ந்த நடத்தை 17 சதவிகிதமும் குறைவாக இருந்தன. பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு என்பதால் மருந்து மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "மாத்திரை போட்டா போதைக்கு அடிமை ஆயிடுவ" என்ற பயத்தை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2019, 2021 ஆகிய இரண்டு முறையும் மெத்தில்ஃபெனிடேட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. நீண்ட காலப் பலன் குறித்த ஆதாரத்தின் தரம் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். எனவே "காலம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு போடு" என்பதும் தவறு. ஆண்டுக்கு ஒருமுறையாவது இன்னும் மருந்து தேவையா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க

சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டு கையில் இருந்தால் போதும் என்று நினைத்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். டிக்கெட் போட்டவுடன் அந்த நாட்டு அரசு இணையதளத்தில் விதியைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போகலாம்?

- பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகள், முடிந்தால் சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவர்.
- இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல். தைராய்டு, கருத்தடை, சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் விடாமல்.
- ஹீமோகுளோபின், தைராய்டு, பி.பி, எடை விவரங்கள்.
- குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அந்தத் தகவல்.
- இரண்டு, மூன்று மாத பீரியட்ஸ் குறிப்பு.
- குழந்தை பெறத் திட்டம் இருக்கிறதா என்பது.
- "இந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?" என்ற கேள்வி. இதைக் கேட்காமல் அறையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மனாஸ் இலவச எண்ணான 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். மெத்தில்ஃபெனிடேட்டை அவர்களும் போனில் எழுதித்தர முடியாது, ஆனால் வழி காட்டுவார்கள்.

மொத்தத்தில்...

மாத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. கவனத்தைத் திருப்ப உதவும், வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளாது. ஆலோசனை, தூக்கம், அலாரம், நினைவூட்டல் பட்டியல், வீட்டாரின் ஒத்துழைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை.

ஆனால் மருந்து வேண்டும் என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்த பிறகும் அது கைக்கு வராமல் போவது மருத்துவப் பிரச்னை அல்ல, நிர்வாகப் பிரச்னை. நேரில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிக்குத் தொடர் சீட்டைத் தொலைமருத்துவத்தில் அனுமதிப்பது, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருப்பு வைப்பது, பெண் உடலின் மாற்றங்களை வைத்து இங்கேயே ஆய்வு நடத்துவது ஆகிய மூன்றும் அரசால் செய்ய முடிந்தவையே. 30 வருஷம் தாமதமாகத் தன் நோயின் பெயரைத் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை, மருந்துக்காக இன்னும் காத்திருக்கச் சொல்வதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை.